மாடிக்கு ஏறாத சிக்னல்

மாடியில் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்தபடியே அவள் ஊரில் பலரைப் பேசவைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள், திக்கிப் பேசும் பிள்ளைகள், பேசும் வயது வந்தும் வாய் திறக்காத குழந்தைகள் எல்லோரும் லேப்டாப் திரையில் அவள் முன்னால் வந்து உட்காருவார்கள். பேச்சுப் பயிற்சியாளர் என்பது வேலையின் பெயர். யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. பெரியவர் முதல் பொடிசு வரை அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கணவனும் செல்லமாக "டீச்சரம்மா" என்பான்.

கல்யாணமான புதிதில் இருவரும் டவுனில் இருந்தார்கள். மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிறகு, அவரைத் தனியாக விட மனமில்லாமல் அவருடைய வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கடைசி பஸ் ஸ்டாப்பையும் தாண்டி, மேட்டுச் சரிவில் ஒற்றையாக நின்ற கல் வீடு அது. கேபிள்காரன் வந்து பார்த்துவிட்டு, அவ்வளவு தூரத்துக்குக் கம்பம் நட முடியாது என்று கையை விரித்துவிட்டான். செல்போன் டவர் மேட்டுக்கு அந்தப் பக்கம். ஜன்னலோரம் போய் நின்று 'ஹலோ, ஹலோ' என்று கத்தினால்தான் பேச்சே கேட்கும்.

"என் வேலை என்ன ஆகும்?" என்று அவள் தயங்கியபோது கணவன் சிரித்தான். "தலைக்கு மேல வானம் இருக்குல்ல? அப்ப நெட்டும் இருக்கும். சாட்டிலைட் டிஷ் போட்டுடலாம். நீ இங்கிருந்தே வேலை பார்க்கலாம், நான் இருக்கேன்."

சொன்னபடியே செய்தான். கூரை மேல் வெள்ளைத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்தது. அதிலிருந்து இறங்கிய வயர் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் வந்து, டிவி பக்கத்தில் இருந்த பெட்டியில் முடிந்தது. ஹாலில் நெட் பறந்தது. மாமனார் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி நாள் முழுக்கப் பழைய பாட்டுக் கச்சேரிகளைப் பார்த்தார். மாடிக்குத்தான் ஒழுங்காக வரவில்லை. முழங்கை நீளத்துக்குக் கனமான கல் சுவர், அதற்கு மேல் கான்கிரீட் தளம். இத்தனையையும் துளைத்துக்கொண்டு சிக்னல் மேலே வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். லேப்டாப்பை மேஜையின் ஒரே ஒரு மூலையில் வைத்தால் ஓடும். போனுக்கு அதுவும் கிடைக்காது.

ஆனாலும் ஓடியது. பிறகு அடிக்கடி நிற்க ஆரம்பித்தது.

மழை பெய்தால் நின்றது. சரி, மழை. வெயில் அடித்தாலும் நின்றது. "மரக்கிளை மறைக்குது போல," என்றான் கணவன். கிளையை வெட்டினார்கள். மறுபடி நின்றது. "சாட்டிலைட் நகர்ந்துக்கிட்டே இருக்கும்ல, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறும்போது அப்படித்தான்," என்றான். அவன் குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். காலை ஷிஃப்ட் முடிந்து மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடுவான். அவளுக்கு வகுப்புகள் அதிகம் இருப்பதும் அந்த நேரத்தில்தான். நெட் போனதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே இறங்கி வருவாள். அவன் உடனே ஏணியைத் தூக்குவான். ஒருமுறை தூறலில் அவன் கூரை மேல் நிற்க, அவள் தெப்பமாக நனைந்தபடி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டாள். "எனக்காக மழையில கூரை ஏறுறாருக்கா. நீ அவரைச் சிடுமூஞ்சின்னு சொன்னியே!"

"சரி தாயே, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றாள் அக்கா.

நெட் திரும்பி வரும்வரை இருவரும் பின்பக்கப் படிக்கட்டில் உட்காருவார்கள். அவன் டீ கொண்டுவந்து தருவான். கிடங்கில் நடந்த கூத்துகளைச் சொல்லிச் சிரிக்கவைப்பான். வேலை கெட்டுப்போன எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சிக்னல் போனதில் இப்படியும் ஒரு நல்லது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் சலூன்காரர். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது என்று ஊரில் பேர் வாங்கியவர். முடி வெட்ட வந்தவர்கள் வெட்டி முடிந்த பிறகும் அவர் பேச்சைக் கேட்கவே உட்கார்ந்திருப்பார்களாம். பக்கவாதம் அவர் கை கால்களை அதிகம் தொடவில்லை, பேச்சை மட்டும் கொண்டுபோய்விட்டது. எல்லாம் புரியும், எதையும் சொல்ல வராது. முதல் வகுப்புகளில் கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பார். அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொள்வாள்.

டீச்சர் அவரை அவசரப்படுத்தியதில்லை. "உங்களுக்கு எப்ப வருதோ அப்ப வரட்டும். நான் எங்கயும் போகமாட்டேன்," என்பாள். ஒரு சொல்லுக்காக வகுப்பு முழுவதும் காத்திருப்பாள். ஒரு நாள் சீப்பைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டாள். அவர் உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "சீ..." என்று காற்று வந்தது. அவர் மனைவி போனையே நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பார்த்தாள். டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்தது.

திரும்ப இணைப்பு கிடைத்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. அவர் மனைவிதான் கூப்பிட்டாள். "மன்னிச்சுக்கோங்க டீச்சர். அவர் உட்காரவே மாட்டேங்கறார். உங்களுக்குப் பொறுமை போச்சு, அதான் பாதியில எழுந்து போயிட்டீங்கன்னு நினைச்சுட்டார். நெட்டுன்னு சொன்னா தலையை ஆட்டி ஆட்டி அழறார்."

அதே வாரம், அவளுக்கு நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனையிலிருந்து பெரிய டாக்டர் பேசினார். நிதானமான அம்மா, கோபமாகப் பேசத் தெரியாதவர். அதனாலேயே அவர் சொன்னது அதிகமாக வலித்தது. "உங்க திறமையில நான் குறையே சொல்லலம்மா. ஆனா பேச முடியாதவங்க எதிர்ல திடீர்னு காணாமப் போனா அது சிகிச்சை இல்ல. ரெண்டு குழந்தைங்களை வேற ஆள்கிட்ட மாத்தியிருக்கேன். நெட்டைச் சரி பண்ணுங்க. இல்லன்னா மத்தவங்களையும் மாத்த வேண்டி வரும்."

அவள் மெஷ் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரே பெட்டி வீடு முழுவதற்கும் கத்துவதற்குப் பதிலாக, நாலைந்து இடத்தில் சின்னப் பெட்டிகளை வைத்து ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தும் ஏற்பாடு. கணவனிடம் சொன்னாள்.

அவன் முகம் சுருங்கியது. "வீண் வேலை. கோளாறு வானத்துல இருக்கு. வீட்டுக்குள்ள பெட்டி வெச்சு என்ன ஆகப்போகுது?"

"கோளாறு வானத்துலன்னா ஹால்லயும்தானே நிக்கணும்? மாமாவோட கச்சேரி நிக்கறதே இல்லையே."

"டிவி கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வெச்சுக்கும். உன்னோடது நேரடிப் பேச்சு," என்றான். அதுவும் சரியாகத்தான் பட்டது. அவள் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் கம்பெனி அவனை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவன் பஸ் ஏறிய மறுநாள் அவள் டவுனுக்குப் போய் மூன்று பெட்டிகள் வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பெட்டிகள். முதல் பெட்டியை ஹாலில் பழைய பெட்டியோடு வயரால் இணைத்தாள். மூன்றாவதைத் தன் அறையில் வைத்தாள். அது சிவப்பாகவே மினுக்கிக்கொண்டிருந்தது. குறிப்புத்தாளைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிக்னல் செத்த இடத்தில் பெட்டியை வைத்தால் அது எதை வாங்கிக் கடத்தும்? நல்லாக் கிடைக்கிற இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் நடுவில் ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டியை மாடிப்படி திரும்புகிற இடத்தில், வளைவுக்கு மேலே இருந்த மாடத்தில் வைத்தாள். அங்கே குறுக்கே கல் சுவர் இல்லை, கீழேயும் மேலேயும் திறந்த வெளி. அறையில் இருந்த பெட்டி சட்டென்று வெள்ளைக்கு மாறியது.

"மாமா! பிடிச்சுடுச்சு!" என்று மாடியிலிருந்து கத்தினாள்.

மாமனார் ஊன்றுகோலோடு படியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "அப்படியாம்மா? இனிமே நிக்காதா?" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

புதுப் பெட்டிகள் தங்களுக்கென்று ஒரு தனி வலையைப் பின்னிக்கொண்டன. எந்தக் கருவிக்கு நெட் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பதையெல்லாம் அவள் போனில் இறக்கிய ஓர் ஆப்பிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பழைய பெட்டியின் வேலை வானத்திலிருந்து வருவதை வாங்கிக் கொடுப்பதோடு சரி. அந்த வாரம் முழுவதும் அவளுடைய வகுப்பு ஒன்றுகூடப் பாதியில் நிற்கவில்லை. ஒரு நாள் பலத்த மழையில் கொஞ்சம் தடுமாறி, தானே எழுந்துகொண்டது. திக்கிப் பேசும் சிறுமி ஒருத்தி ஒரு முழுக் கதையைச் சொல்லி முடித்தாள். சலூன்காரரின் மனைவியிடம் கெஞ்சிக் கூத்தாடி, "ஒரே ஒரு தடவை உட்காரச் சொல்லுங்க" என்று சம்மதம் வாங்கினாள். அவர் வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஆனால் வந்தார்.

கணவன் ஊர் திரும்பினான். படி வளைவில் இருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சிரித்தான். "என்னால ஆகாததை நீ பண்ணிட்டியே டீச்சரம்மா." அன்று மாலையே, "அந்த ஆப்ல என்னையும் சேர்த்துடு. நீ வகுப்புல இருக்கும்போது ஏதாவது நின்னா நான் கீழயிருந்தே பார்த்துக்கறேன்," என்றான். எவ்வளவு அக்கறை என்று அவளுக்கு மனம் நிறைந்தது. அவனுக்கும் எல்லா அதிகாரத்தையும் கொடுத்துச் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் மதியம் சலூன்காரர் வகுப்பு. வெளியே பளிச்சென்று வெயில். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் காட்டினாள். "க..." என்றார். "கண்..."

திரை உறைந்தது.

கை தானாகப் போனை எடுத்தது, அவர் மனைவியைக் கூப்பிட. அப்போதுதான் கவனித்தாள். போனில் நெட் இருந்தது. முழுதாக இருந்தது. அதே அறை, அதே வெள்ளை விளக்கு, அதே வலை. போனுக்கு வருகிறது, ஒரு சாண் தள்ளி இருக்கிற லேப்டாப்புக்கு வரவில்லை. வானத்துக் கோளாறு ஆள் பார்த்தா வரும்?

ஆப்பைத் திறந்தாள். லேப்டாப் படத்துக்கு எதிரே, 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. தன் விரல்தான் தெரியாமல் பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள். அதைத் தட்டித் திறந்துவிட்டாள். திரையில் சலூன்காரர் அசைந்தார். "ஐயா, நான் இங்கதான் இருக்கேன், போகல, போகல," என்று பதறினாள். அவர் தலையசைத்து, மறுபடி உதட்டைக் குவித்தார். அவள் கண் முன்னாலேயே, கையில் இருந்த போனில், லேப்டாப்புக்கு எதிரே அந்த எழுத்து மறுபடி வந்து உட்கார்ந்தது. அவள் விரல் அதன் பக்கமே போகவில்லை.

அந்த ஆப் இருந்தது இரண்டே போன்களில்.

அவள் படியிறங்கினாள். சமையலறை மேடையில் இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றி வைத்திருந்தது, ஆவி பறந்தது. கணவன் மேடையோரம் சாய்ந்து நின்றிருந்தான். கையில் போன். அவள் வருவதைப் பார்த்ததும் வழக்கம்போலக் கேட்டான்.

"என்ன, மறுபடியும் போச்சா? வா, டீ குடி. நான் மேல ஏறிப் பார்க்கறேன்."

அவள் இரண்டாவது கோப்பையைப் பார்த்தாள். இத்தனை நாளும் நெட் போய் அவள் கீழே வரும்போது டீ தயாராக இருந்திருக்கிறது. போட ஆரம்பித்ததை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"போனைக் குடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டான். அதுவே போதுமாக இருந்தது.

"எத்தனை நாளா?" என்றாள். அவன் டீக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான். "பழைய பெட்டியிலயும் இப்படி நிறுத்தலாம், இல்ல? அதோட ஆப் உங்ககிட்ட மட்டும்தான் இருந்துது."

ஹாலில் கச்சேரி சட்டென்று நின்றது. சாய்வு நாற்காலி கிரீச்சிட்டது. மாமனார் சமையலறை வாசற்படியில் வந்து நின்று மகனைப் பார்த்தார். "நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்டா," என்றார்.

டீச்சர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். இடுப்பு முறிந்து கிடந்தபோது அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கை பிடித்து நடக்கவைத்தவள் அவள். "உங்களுக்கும் தெரியுமா மாமா?"

"அவன் சந்தோஷமா இருந்தான்ம்மா. ரெண்டு பேரும் படியில உட்கார்ந்து சிரிச்சுப் பேசுவீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

"பெட்டி பிடிச்சுடுச்சுன்னு நான் கத்தினப்போ கீழ நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்களே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே."

அவர் ஊன்றுகோலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

கணவன்தான் பேசினான். "முதல் தடவை நிஜமாவே மழையிலதான் போச்சு. நீ கீழ வந்தே. நாம படியில உட்கார்ந்து பேசினோம். அப்படி நீ என்கூடப் பேசி எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? நான் வேலை முடிஞ்சு வந்தா மாடிக் கதவு சாத்தியிருக்கும். உள்ள யார்கிட்டயோ அவ்வளவு பொறுமையா, அவ்வளவு பிரியமாப் பேசிக்கிட்டிருப்பே. அந்தக் குரலை நான் கதவுக்கு வெளியதான் கேட்கணும்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா இதோ வர்றேன்னுவே. வரமாட்டே. நெட் போனா வருவே."

அதில் ஒரு பாதி உண்மை இருந்தது. அவளால் அதை மறுக்க முடியவில்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. "அதைச் சொல்லி என்கூடச் சண்டை போட்டிருக்கணும். கதவை உடைச்சிருந்தாலும் பரவாயில்ல. அந்த மனுஷன் என்ன பண்ணார்? ஒரு சொல்லுக்காக உயிரைக் குடுத்து வாயைத் திறந்தார். நான் வெறுத்துப்போய் எழுந்து போயிட்டேன்னு நினைச்சு அழுதார்."

"கொஞ்ச நேரம்தானே நிறுத்தினேன். பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னு..."

"மழையில நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே. நீங்க மேல ஏறி என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா நின்னேன்," என்றான்.

அந்தப் பதில்தான் அவளை உடைத்தது. நிறுத்தியதைக்கூட ஒரு நாள் மன்னிக்க முடிந்திருக்கும். தான் நனைந்துகொண்டு கீழே நிற்க, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத கூரையில் ஒருவன் சும்மா நின்றுவிட்டு இறங்கி வந்திருக்கிறான். அந்தக் கூத்தைப் பார்த்து உருகிப்போய் அக்காவிடம் பெருமையடித்திருக்கிறாள். படிக்கட்டில் சிரித்த ஒவ்வொரு சாயங்காலமும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. அவள் சந்தோஷமாக இருந்ததாக நினைத்த நேரமெல்லாம் அவன் திட்டம் போட்டு வரவழைத்த நேரம். எது தானாக வந்தது, எது அவன் தட்டி வந்தது என்று அவளால் பிரிக்கவே முடியவில்லை.

அவள் மாடிக்குப் போனாள். ஆப்பிலிருந்து அவன் பெயரை எடுத்தாள். லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். சலூன்காரரும் அவர் மனைவியும் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து வகுப்பை முடித்தாள். அன்று அவருக்கு எந்தச் சொல்லும் வரவில்லை. "பரவாயில்ல ஐயா," என்றாள். "அடுத்த தடவை உங்களை நேர்ல பார்க்க வர்றேன்."

பிறகு துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். பெட்டிகளை அங்கேயே விட்டாள். கணவன் வாசல் வரை வந்து, "எங்க போறே? பேசித் தீர்த்துக்கலாம்," என்றான். "இத்தனை நாள் பேசத்தானே என்னைக் கீழ வரவெச்சீங்க? அப்பவெல்லாம் இதைப் பேசலையே," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். மாமனார் ஜன்னலில் நிற்பது தெரிந்தது. அவள் கையசைக்கவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் அறையில் போய் உட்கார்ந்தாள். "நெட்டைச் சரி பண்ணியாச்சா?" என்று அவர் கேட்டார்.

"நெட்ல கோளாறே இல்ல டாக்டர். வீட்லதான்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஏறிட்டுப் பார்த்தார். மருத்துவமனையிலேயே ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். அவள் அக்கா வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு, மருந்துக்கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். சலூன்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நேரில் வர ஆரம்பித்தார். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. பழைய வேகம் வரவில்லை, வரவும் வராது. ஆனால் கடையைத் திறந்துவிட்டார்.

கணவன் சனிக்கிழமைகளில் வந்தான். மருத்துவமனைக்கு வெளியே இருந்த சிமெண்ட் பெஞ்சில் அவளுக்காக உட்கார்ந்திருப்பான். முதல் சில தடவை அவள் போகவில்லை. பிறகு ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாப் பாஸ்வேர்டையும் உன்கிட்டயே குடுத்துடறேன்," என்றான். "என் போனையே வேணா வெச்சுக்கோ. அப்பாவும் தினம் உன்னைத்தான் கேட்கறார். நான் பண்ணது தப்பு. எனக்குத் தெரியும்."

அவன் இளைத்திருந்தான். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது.

"போன வாரம் வெளியூர்ல இருக்கற ஒரு குழந்தைக்கு நெட்ல வகுப்பு எடுத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "திடீர்னு லைன் போச்சு. வெளிய ரோட்டுல எவனோ பள்ளம் தோண்டி வயரை வெட்டிட்டான். தெரு முழுக்க நெட் இல்ல. ஆனா எனக்கு அது தெரியறதுக்கு முன்னாடி, கதவைத் திறந்துக்கிட்டு வெளிய ஓடிவந்து முதல்ல எதைப் பார்த்தேன் தெரியுமா? ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணோட கையை. அவ கையில போன் இருக்கான்னு. அந்தப் பொண்ணு தினமும் எனக்குச் சாப்பாட்டுல பங்கு குடுக்கறவ. அவளைப் போய் சந்தேகப்பட்டேன். பாஸ்வேர்டைக் குடுத்தா இது போயிடுமா?"

பெஞ்சின் சிமெண்ட் பெயர்ந்த இடத்தை விரலால் நோண்டினான். "அடுத்த சனிக்கிழமை வரலாமா?" என்று மட்டும் கேட்டான்.

"வாங்க. இருந்தா வர்றேன்."

அவன் வந்துகொண்டுதான் இருக்கிறான். சில சனிக்கிழமைகளில் அவள் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவாள். சில நாள், ரிசப்ஷன் பெண்ணிடம் 'டீச்சர்கிட்ட நோயாளி இருக்காங்க' என்று சொல்லச் சொல்லிவிட்டு, காலி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.